குழாய்க்குள் காற்றடிக்கும் முன் அழுத்தம் காட்டும் கேஜைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் கேரவன் வாங்கிக் கோடை முழுவதும் ஊர் சுற்றுவதையும், குளிர்காலம் தொடங்கும் முன் அந்த வண்டியின் தண்ணீர்க் குழாய்களுக்குள் கம்ப்ரசர் மூலம் காற்றைச் செலுத்தி, உள்ளே தேங்கிய தண்ணீரை வெளியேற்றி வைப்பதையும் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தெரியாத ஒரு வாழ்க்கையைத் தெளிவாகச் சொன்ன நல்ல கட்டுரை அது. ஆனால் அதன் முடிவில், இதே முறையில் நம் வீட்டுக் குழாய்களில் உள்ள அடைப்பையும் எளிதாக நீக்கிக்கொள்ளலாம் என்ற பொருளில் ஒரு வரி இடம்பெற்றிருந்தது. அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். பெரம்பூர் ரயில்வே பணிமனையில் ஏர் பிரேக் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அழுத்தக் காற்றோடு ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், அந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அந்த நாட்டில் என்ன செய்கிறார்கள் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும். கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் வாசலில் நிற்கும் கேரவனின் குழாயில் தண்ணீர் தங்கிவிட்டால், அது உறைந்து பெருகிக் குழாயையும் இணைப்புகளையும் பம்பையும் பிளந்துவிடும். அதனால் குளிர் இறங்கும் முன்பே தொட்டிகளை வடித்து, வெந்நீர்க் கலனை ஆறவைத்து அதையும் காலி செய்து, அதற்குள் காற்று போகாதபடி மாற்றுப்பாதை வால்வைத் திருப்பிவிட்டு, குடிநீர் வடிகட்டியைக் கழற்றி வைக்கிறார்கள். வெளியிலிருந்து தண்ணீர் பிடிக்கும் வாயில், டயர் வால்வைப் போன்ற வால்வு பொருத்திய சிறிய அடைப்பான் ஒன்றைத் திருகி, அதில் கம்ப்ரசர் குழாயை மாட்டுகிறார்கள். காற்றைத் திறப்பதற்கு முன்பே ஏதாவது ஒரு தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துவிடுகிறார்கள். பிறகு சமையலிடம், குளியலிடம், கழிவறை, வண்டிக்கு வெளியே உள்ள ஷவர் என ஒவ்வொன்றாக, சுடுநீர்ப் பக்கம், குளிர்நீர்ப் பக்கம் இரண்டையும் திறந்து மூடி, வெறும் சாரல் மட்டும் வரும் வரை ஊதுகிறார்கள். கடைசியில் தண்ணீர் தங்கும் வளைவுகளில் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த உறையாத் திரவத்தை ஊற்றி வைப்பார்கள். கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்காலை அந்த இடத்தில் சேர்க்கவே கூடாது, அது விஷம்.

இந்த வேலை முழுவதும் அவர்கள் வைக்கும் காற்றழுத்தம் பொதுவாக 30 முதல் 40 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டுதான். நம் பணிமனைக் கணக்கில் சொன்னால் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோவிலிருந்து 3 கிலோவுக்குள். கம்ப்ரசரின் டேங்கில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருந்தாலும், நடுவில் ஒரு ரெகுலேட்டர் இருந்து, அந்த 40 பி.எஸ்.ஐ.யைத் தாண்டி ஒரு துளி அழுத்தமும் குழாய்க்குள் போகாமல் பிடித்து நிறுத்துகிறது. தங்கள் கட்டுரையில் கம்ப்ரசர் வந்தது, காற்று வந்தது. ரெகுலேட்டரும் இந்த அளவும் மட்டும் வரவில்லை. பல ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள வண்டிக்கு அந்த விடுபடுதலால் ஒரு கேடும் இல்லை, ஏனென்றால் அந்த வண்டிக்காரர் கையில் கையேடு இருக்கிறது. வட சென்னையின் தண்டையார்பேட்டையிலும் காசிமேட்டிலும் அதைப் படிப்பவர் கையில் எந்தக் கையேடும் இல்லை.

அளவைவிடப் பெரிய வேறுபாடு ஒன்றும் உண்டு. கேரவனின் குழாயில் அடைப்பு கிடையாது. ஒரு முனையில் நுழையும் காற்று, மறுமுனையில் திறந்திருக்கும் குழாய் வழியாகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடுகிறது. அங்கே காற்றுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, நகர்ந்து போக வழியுள்ள தண்ணீரை நகர்த்துவது மட்டுமே. நம் வீட்டில் கம்ப்ரசரைக் கொண்டுவருவதோ குழாய் அடைத்துக்கொண்டிருக்கும்போது. உள்ளே போன காற்றுக்கு வெளியேற வழி இல்லை. அடைப்பு விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது குழாய் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டில் எது பலவீனமோ அது உடையும். நம் வீடுகளில் பல நேரங்களில் பலவீனமானது குழாய்தான்.

வட சென்னையில் இந்தக் கம்ப்ரசர் வேலைக்கு ஏன் இவ்வளவு தேவை இருக்கிறது என்பது இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்ததில் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. கடலோரத் தெருக்களில் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான். 2010-இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்த பிறகு குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்கத் தொடங்கியது உண்மைதான். ஆனாலும் குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க இன்றும் எத்தனையோ வீடுகளில் போர் தண்ணீர்தான் மாடித் தொட்டிக்கு ஏறுகிறது. அந்தத் தண்ணீரின் சுண்ணாம்பும் உப்பும், துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயான ஜி.ஐ. பைப்புக்குள் வருடக்கணக்கில் படிந்து, துருவோடு சேர்ந்து கல்லாக இறுகுகின்றன. சமையலறைக் குழாயில் தண்ணீர் நூல் போல வடிய ஆரம்பித்ததும் வீட்டுக்காரர் ஆளைத் தேடுகிறார். சுவரை உடைத்துக் குழாய் மாற்றச் செலவு அதிகம், வாடகை வீடென்றால் அதை யார் ஏற்பது என்ற பேச்சு வேறு. கம்ப்ரசர் வைத்து ஒரு மணி நேரத்தில் சரி செய்து தருகிறோம் என்று ஒருவர் சொல்லும்போது, அதை வேண்டாம் என்று சொல்பவர் குறைவு.

எங்கள் தெருவிலேயே, இரண்டு மாடி வீடொன்றில், குட்டி யானை வண்டியில் கம்ப்ரசரை ஏற்றிக்கொண்டு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். பஞ்சர் கடையில் இருப்பதைப் போன்ற, டேங்கோடு சேர்ந்த பெரிய கம்ப்ரசர். கீழ்த்தளக் குளியலறைக் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு நிப்பிளைத் திருகி, டேப் சுற்றி, காற்றுக் குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்கினார்கள். வீட்டில் உள்ள மற்ற எல்லாக் குழாய்களையும் மூடச் சொன்னார்கள். அப்போதுதான் காற்று வேகம் கட்டும் என்றார்கள். நான் போய், “தம்பி, ரெகுலேட்டர் எங்கே, கேஜ் எங்கே?” என்று கேட்டேன். “எல்லாம் கைக் கணக்குதான் ஐயா, தினமும் செய்யற வேலை” என்று மரியாதையாகவே பதில் சொன்னான் அந்தப் பையன். வால்வை ஒரே திருப்பாகத் திறந்தான். அடுத்த நொடியில் மொட்டை மாடியில் வெடி வெடித்தது போல ஒரு சத்தம். பல கோடைகளின் வெயிலைத் தாங்கி வெளுத்துப் போயிருந்த பி.வி.சி. குழாயின் எல்போ வளைவு ஒன்று சில்லு சில்லாகச் சிதறியிருந்தது. ஒரு துண்டு கைப்பிடிச் சுவரின் பூச்சைப் பெயர்த்திருந்தது. இன்னொன்று, கொடியில் காய்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்பைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. துணி எடுக்க அந்த வீட்டு அம்மா அப்போதுதான் படியேறத் தொடங்கியிருந்தார்.

அடைப்பு நீங்கியதா என்றால், இல்லை. பின்னர் பிளம்பர் ஒருவர் சமையலறைச் சுவரை ஒட்டியிருந்த பழைய ஜி.ஐ. வளைவை அறுத்து எடுத்தபோது அதை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். முக்கால் அங்குலக் குழாயின் உள்ளே, மஞ்சளும் காவியும் கலந்த படிவு சுற்றிலும் ஏறி, நடுவில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துளை இருந்தது. திருப்புளியால் குத்தியும் அது உதிரவில்லை. இப்படி இறுகிய படிவைக் காற்று ஒன்றும் செய்யாது. நடுவில் உள்ள துளை வழியாகக் காற்று போய்விடும், படிவு இருந்த இடத்திலேயே இருக்கும்.

நம் வீட்டுக் குழாய்கள் எவ்வளவு அழுத்தத்தில் வாழ்ந்து பழகியவை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால் அதன் அடியில் ஏற்படும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ. இரண்டு மாடி வீட்டின் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கீழ்த்தளக் குழாய்க்கு வரும் அழுத்தம் அந்த 1 கிலோவைக்கூட எட்டாது; மாடியிலேயே உள்ள குளியலறைக்கு அரைக் கிலோ கிடைத்தால் அதிகம். பஞ்சர் கடைக் கம்ப்ரசர்கள் 7 கிலோவிலிருந்து 10 கிலோ வரை ஏற்றி வைப்பவை. ரெகுலேட்டர் இல்லாமல் அதைத் திறந்துவிட்டால், ஆயுள் முழுவதும் 1 கிலோவைக்கூடத் தாண்டாத குழாய் மீது ஒரே நொடியில் அதைப் போலப் பல மடங்கு வந்து மோதுகிறது. 7 கிலோ அழுத்தம் என்றால், ஒரு அங்குலக் குழாயின் முனையில் ஒட்டியிருக்கும் சாதாரண மூடியின் மீது சுமார் 35 கிலோ எடை தள்ளுகிறது. இரண்டு அங்குலக் குழாய் என்றால் சுமார் 140 கிலோ. அந்த மூடியைப் பிடித்திருப்பது என்றைக்கோ பூசிய கொஞ்சம் சால்வென்ட் பசைதான்.

“10 கிலோ தாங்கும் என்று பைப்பின் மேலேயே எழுதியிருக்கிறதே” என்று சிலர் கேட்பார்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 4985 பி.வி.சி. குழாய்களை 2.5 கிலோவிலிருந்து 12.5 கிலோ வரை வகுப்பு வகுப்பாகப் பிரிப்பது உண்மை. அந்த அளவு தண்ணீருக்கு, 27 டிகிரி வெப்பத்தில், புதிய குழாய்க்குச் சொல்லப்பட்டது. வெப்பம் ஏற ஏறத் தாங்கும் அழுத்தம் குறையும். சுடுநீருக்கான சி.பி.வி.சி. குழாயே கூட, 23 டிகிரியில் 400 பி.எஸ்.ஐ. தாங்கும் வகை, 82 டிகிரியில் 100 பி.எஸ்.ஐ.தான் தாங்கும். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக் குழாயைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது எந்த நிலையில் இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் வேறு அதை ஆண்டுக்கு ஆண்டு நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகிறது.

இதைவிட முக்கியமானது, தண்ணீரின் அழுத்தமும் காற்றின் அழுத்தமும் கேஜில் ஒரே எண்ணைக் காட்டினாலும் ஆபத்தில் ஒன்றல்ல என்பது. தண்ணீரை அமுக்கினால் அது சுருங்குவதில்லை என்றே சொல்லலாம். குழாயில் ஒரு கீறல் விழுந்த கணமே அழுத்தம் இறங்கி, வெறும் கசிவாக முடிந்துவிடும். காற்று சுருங்கும், சுருங்கிய காற்று தன்னுள் ஆற்றலைச் சேமித்து வைக்கும். ஒரே அழுத்தத்தில், ஒரே அளவுக் குழாயில், தண்ணீரைவிடப் பல ஆயிரம் மடங்கு. குழாய் உடைந்த பிறகும் அந்தக் காற்று விரிந்துகொண்டே போய், உடைந்த துண்டுகளைத் தூக்கி எறிகிறது. போதாததற்கு, பின்னால் கம்ப்ரசரின் டேங்க் முழுக்க அதே காற்று வரிசையில் நிற்கிறது. பி.வி.சி. குழாயைக் காற்றடித்துச் சோதிக்காதீர்கள் என்று அதைத் தயாரிப்பவர்கள் எச்சரிப்பதும், அழுத்தச் சோதனை செய்வதென்றால் குழாயைத் தண்ணீரால் நிரப்பிக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுவதும் இதனால்தான். தரைக்கு மேல் செல்லும் பி.வி.சி. குழாயில் அழுத்தக் காற்றைப் பயன்படுத்தினால் அது சிதறி ஆளைக் காயப்படுத்தும் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 1988-லேயே தனி எச்சரிக்கை வெளியிட்டது. சுத்தம் செய்யும் வேலைக்கு அழுத்தக் காற்றைப் பயன்படுத்தும்போது 30 பி.எஸ்.ஐ.க்குக் குறைவாகவே வைக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய விதி. கேரவன்காரர்கள் வைக்கும் அளவு இதைவிடச் சற்றுத்தான் அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ரயில் பெட்டியின் பிரேக் பைப்பில் 5 கிலோ, ஃபீட் பைப்பில் 6 கிலோ காற்று இருக்கும். இரும்புக் குழாய், அதற்கென்றே செய்த ஹோஸ், ஒவ்வொரு இணைப்பும் சோதனை செய்து முத்திரை இட்டது. அப்படி இருந்தும், பெட்டியின் முனையில் காற்றைத் திறந்து மூடும் ஆங்கிள் காக்கை மெதுவாகத் திறக்க வேண்டும், ஹோஸைப் பிரிக்கும் முன் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும், கேஜைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது என்று எங்கள் மேஸ்திரிகள் முதல் நாளிலிருந்தே சொல்லிச் சொல்லிப் பழக்கினார்கள். அழுத்தத்தோடு பிரிந்த ஹோஸ் துள்ளி அடித்தால் முகம் போய்விடும் என்பது அங்கே புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளருக்கும் தெரியும். தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் 31-ஆம் பிரிவு, அழுத்தத்தில் இயங்கும் எந்தக் கலனும் பாதுகாப்பான அளவைத் தாண்டாமல் இருக்க வழி செய்ய வேண்டும் என்று நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தியது. ஆலை வாசலுக்குள் இவ்வளவு கட்டுப்பாடு உள்ள அதே பொருள், வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்ததும், குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்குள் ஒரு கேஜ்கூட இல்லாமல் நுழைகிறது. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

காற்றே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மணல், சேறு, பாசி போன்ற இளகிய படிவைக் குறைந்த அழுத்தக் காற்று நன்றாகவே தள்ளிவிடும். ஆனால் கம்ப்ரசரைக் கூப்பிடும் முன் பார்த்துக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. ஒரே ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் குறைந்தால், கோளாறு பெரும்பாலும் அந்தக் குழாயின் வாயில் உள்ள சல்லடையிலோ, அதன் அடியில் சுவரோடு உள்ள ஆங்கிள் காக் என்ற சிறு வால்விலோதான் இருக்கும். கழற்றிக் கழுவினாலே சரியாகிவிடும். வீடு முழுவதும் குறைந்தால், தொட்டியின் வெளிவாயையும் அதைத் திறந்து மூடும் கேட் வால்வையும் பார்க்க வேண்டும். கேட் வால்வின் தகடு கழன்று உள்ளேயே விழுந்து கிடப்பது பழைய வீடுகளில் சகஜம். தொட்டியைக் கழுவிய பிறகோ தண்ணீர் முழுவதும் தீர்ந்து மீண்டும் ஏறிய பிறகோ வராமல் நின்றுவிட்டால், அது அடைப்பே அல்ல, குழாய்க்குள் காற்று சிக்கி வழியை மறிக்கும் ஏர் லாக். அதற்கு நன்றாகத் தண்ணீர் வரும் வேறொரு குழாயையும் வராத குழாயையும் ஒரு ரப்பர் ஹோஸால் இணைத்து, இரண்டையும் திறந்துவிட்டால் போதும். தண்ணீர் பின்னோக்கி ஏறி, சிக்கிய காற்றைத் தொட்டி வழியாக வெளியே தள்ளிவிடும். மோட்டாரிலிருந்து நேராக வரும் குழாய் கீழே இருந்தால் இன்னும் நல்லது. மீண்டும் மீண்டும் ஏர் லாக் வந்தால், கேட் வால்வுக்கு அடுத்து, தொட்டியைவிட உயரமாக ஒரு காற்றுக் குழாயை நிறுத்திவைத்தால் தொல்லை தீரும். கம்ப்ரசர் வேலை என்று காசு வாங்கிக்கொண்டு போகும் பல இடங்களில் உண்மையில் நீங்குவது இந்த ஏர் லாக்தான்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் காற்றடிக்க வேண்டும் என்றால், தொட்டியின் வால்வை மூடிக் குழாயில் உள்ள தண்ணீரை வடித்துவிட வேண்டும். கீசர், ஆர்.ஓ. இயந்திரம், வாஷிங் மெஷின், ஹெல்த் ஃபாசெட் அனைத்தையும் தனியே பிரிக்க வேண்டும். அவற்றின் மெல்லிய சவ்வுகளும் நெகிழ்க் குழாய்களும்தான் முதலில் பழுதாகும். காற்று நுழையும் இடத்துக்கு முன் ரெகுலேட்டர், கேஜ், அளவு மீறினால் தானே திறந்துகொள்ளும் சேஃப்டி வால்வு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அரைக் கிலோவில் தொடங்கி, சிறிது சிறிதாக ஏற்றி, 2 கிலோவில் நிறுத்திவிட வேண்டும். அதற்கும் அசையாத அடைப்பு அதற்கு மேலும் அசையாது, குழாயை வெட்டித்தான் ஆக வேண்டும். காற்று போகும் வரிசையில் கடைசிக் குழாய் கட்டாயம் திறந்திருக்க வேண்டும்; எல்லாவற்றையும் மூடி வேகம் கட்டுவது என்ற பேச்சே கூடாது. வேலை முடியும் வரை மாடியிலும், வெளிச்சுவரில் குழாய் ஓடும் பக்கத்திலும் ஒருவரும் நிற்கக் கூடாது. காற்றடிப்பவர் கண்ணாடி அணிய வேண்டும்.

ஆசிட் ஊற்றி ஊறவைத்துவிட்டு அதன் மேல் காற்றடிக்கும் ஒரு வழக்கமும் இப்போது பரவியிருக்கிறது. இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்: அந்தக் காற்றோடு சேர்ந்து குழாய் வாயில் வருவது ஆசிட் சாரல். கண்ணில் பட்டால் பார்வை போகும். யார் வந்து சொன்னாலும் இதற்குச் சம்மதிக்க வேண்டாம். ஆசிட் ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சையும் தின்றுவிடுவதால், அடுத்த அடைப்பு முன்னைவிட விரைவில் வரும்.

குடிக்கும் தண்ணீர் வரும் குழாயில் காற்றடிப்பதில் இன்னொரு கேடும் உண்டு. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரில் எண்ணெய் ஊற்றித்தான் பிஸ்டன் ஓடுகிறது. அந்த எண்ணெய் ஆவியாகக் காற்றோடு கலந்து வரும். டேங்கின் அடியில் துருவும் எண்ணெயும் கலந்த தண்ணீர் தேங்கி நிற்கும். அடியில் உள்ள வடிகால் காக்கைத் திறந்து பார்த்தால், பழுப்பும் கறுப்புமாகக் கொழகொழவென்று வருவதைக் கண்ணால் காணலாம். வடிகட்டி இல்லாமல் அடித்தால் அதில் ஒரு பங்கு நம் சமையலறைக் குழாயில்தான் சேரும். எண்ணெய் இல்லாமல் ஓடும் சிறிய கம்ப்ரசர்கள் இப்போது கிடைக்கின்றன. கேரவன்காரர்கள் பலர் தேர்ந்தெடுப்பதும் அவற்றைத்தான்.

வீட்டுக்குள் நடப்பதாவது அந்த வீட்டோடு போகும். சென்னைக் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீர் இணைப்பில், அதாவது தெரு மெயினிலிருந்து வீட்டு அடி பம்புக்கு வரும் குழாயில், காற்றடிப்பது தெருவையே பாதிக்கும். நம் பகுதியில் மெயினில் நாள் முழுவதும் தண்ணீர் ஓடுவதில்லை. ஓடாத நேரத்தில் அந்தக் குழாயில் அழுத்தம் இல்லை. அப்போது வீட்டுப் பக்கத்திலிருந்து காற்றடித்தால், நம் குழாயில் இருந்த துருவும் சேறும் கம்ப்ரசர் எண்ணெயும் மெயினுக்குள் போய், மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக் குடத்தில் இறங்கும். பழைய இணைப்புகளில் ஏதேனும் விரிசல் விட்டால், அருகில் ஓடும் கழிவுநீர் உள்ளே வரவும் வழி பிறக்கும். குடிநீரில் கழிவுநீர் கலக்கிறது என்று காலிக் குடங்களோடு மறியல் செய்ய வேண்டிய நிலை நமக்குப் புதிதல்ல. அதற்கு நாமே ஒரு துளை போட்டுக் கொடுக்கலாமா? இந்த இணைப்பில் அடைப்பு என்றால் பகுதி அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்து, வாரியத்தின் ஆட்களை வைத்துத்தான் சரி செய்ய வேண்டும். தாமதம் ஆகும் என்பது எனக்கும் தெரியும். தாமதம் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது வாரியத்தின் பொறுப்பு, அதையும் இங்கே சேர்த்தே சொல்கிறேன்.

1978 முதல் இந்நகரின் குடிநீரையும் கழிவுநீரையும் பொறுப்பேற்று நடத்தும் சென்னைக் குடிநீர் வாரியம், திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய வட பகுதி மண்டலங்களின் அலுவலகங்களிலாவது, வீட்டுக் குழாயில் அழுத்தக் காற்றைப் பயன்படுத்துவது குறித்து ஒரு பக்கத் தமிழ் அறிவிப்பு எழுதி ஒட்ட வேண்டும். தெரு இணைப்பில் காற்றடிக்கக் கூடாது என்பதும், வீட்டுக்குள் 2 கிலோவைத் தாண்டக் கூடாது என்பதும் அதில் பெரிய எழுத்தில் இருந்தால் போதும். ஐ.டி.ஐ.களில் பிளம்பர் பிரிவில் படிக்கும் பிள்ளைகளுக்கு, தண்ணீர் அழுத்தச் சோதனையோடு சேர்த்து, காற்றழுத்தத்தின் ஆபத்தையும் ஒரு நாள் செய்முறையாகக் காட்ட வேண்டும். இந்த வேலையை இன்று செய்யும் இளைஞர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. யாரோ செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, தவணையில் கம்ப்ரசர் வாங்கி, வெயிலில் அலைந்து பிழைப்பவர்கள் அவர்கள். முதலில் அடிபடப் போகிறவர்களும் அவர்கள்தான், ஏனென்றால் ஹோஸின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர்கள் கை. கம்ப்ரசருக்குக் கொடுத்த விலையோடு பார்த்தால் ரெகுலேட்டரும் கேஜும் சிறு தொகைக்குள் முடிந்துவிடும்; பிராட்வே பக்கத்துக் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதை வாங்கிப் பொருத்தாத வண்டியைத் திருப்பி அனுப்பும் உரிமை வீட்டுக்காரருக்கு இருக்கிறது. கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

தங்கள் ஞாயிறு இணைப்பை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கமுள்ளவர்கள் எங்கள் பகுதியில் பலர். அதனால், வாசகர் கடிதப் பகுதியில் இதை வெளியிடுவதோடு நிறுத்தாமல், அதே இணைப்பில், அந்தக் கட்டுரை வந்த பக்கத்திலேயே, கேரவன் குழாய்க்கு வைக்கும் 30 முதல் 40 பி.எஸ்.ஐ. என்ற அளவையும், ரெகுலேட்டர் கட்டாயம் என்பதையும், அடைத்த குழாய்க்கு அந்த முறை பொருந்தாது என்பதையும் ஒரு திருத்தமாகச் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பங்குனி பிறந்து போர்களில் தண்ணீர் இறங்கி, மோட்டார் மண்ணை இழுக்கத் தொடங்கும்போதுதான் கம்ப்ரசர் வண்டிகள் தெருத் தெருவாக வரும். அதற்கு முன் வந்துவிட்டால் பயன்படும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.